சகாராவுக்குப் போன ஜீப்பைத் திருத்தியது யார்

அவுஸ்திரேலியாவில் ஒரு பழைய ஜீப்புக்குக் கீழே கிடக்கும் என் மகனுக்கு,

அப்பா ரெலிபோனில் சொன்னபடி முன்சில்லுகளின் உருண்டை மூட்டுகளுக்கும் வில்லுத் தகடுகளுக்கும் வெளியே கிறீஸ் பூசியிருந்தாயானால், இந்தக் கடிதத்தை அப்படியே வைத்துவிட்டுப் போய் முதலில் அதைத் துடை. நேற்று நானே உன்னைக் கூப்பிட்டு இதைச் சொன்னேன். அப்பா பூசச் சொல்கிறார், நீங்கள் துடைக்கச் சொல்கிறீர்கள், எங்கள் வீட்டில் மெக்கானிக் யார் என்று கேட்டுச் சிரித்தாய். நானும் சிரித்துக்கொண்டே ரெலிபோனை வைத்தேன். வைத்த பிறகு எனக்குக் கோபம் வந்தது. உன்மேல் இல்லை, என்மேல். ஒரு பெற்றோல் நிலையத்துக்கும் அடுத்த நிலையத்துக்கும் இடையே ஒரு பகல் முழுக்க ஓட வேண்டிய செம்மண் பாதையில், உன்னைவிட வயதில் மூத்த ஒரு வண்டியில், என் மருமகளையும் ஏற்றிக்கொண்டு போகப் போகிறாய். அங்கே போய் நின்றால் யாருடைய சொல்லை நம்ப வேண்டும் என்று உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். ரெலிபோனில் சொல்லி முடிகிற கதை இல்லை என்பதால் எழுதுகிறேன்.

உனக்குத் தெரிந்த கதை இது. ஜெர்மனிக்கு வந்த புதிதில் உன் அப்பா, எல்லோரும் கைவிட்ட ஒரு பழைய ஜீப்பை மூன்று வாரத்தில் திருத்தி, சகாரா பாலைவனத்துக்கு அனுப்பிவைத்தார். அதனால் எங்களுக்கு வேலையும் வீடும் கிடைத்தன. உன் பிறந்தநாள்களில், உன் தங்கை பெரியபிள்ளையானபோது வைத்த சாமத்திய வீட்டில், கடைசியாக உன் கலியாண வீட்டில் கூட, மிக்ஸர் தட்டைச் சுற்றி இருந்தவர்களுக்கு அப்பா இதைச் சொன்னார். நான் தேத்தண்ணி கொடுத்துக்கொண்டே கேட்டேன். நல்ல கதைதான். ஜீப் உண்மை, சகாரா உண்மை, வேலையும் வீடும் உண்மை. ஆள்தான் மாறிவிட்டது. அந்த ஜீப்பைத் திருத்தியது நான்.

வாயைப் பிளக்காதே. கிளிநொச்சியில் என் ஐயாவுக்கு ஒரு கராஜ் இருந்தது என்பது உனக்குத் தெரியும். அவருக்கு மூன்றும் பெண்பிள்ளைகள் என்பதும் தெரியும். இந்த இரண்டையும் சேர்த்து யோசிக்க உனக்கு இவ்வளவு காலமும் தோன்றவில்லை, பார்த்தாயா? குளத்து வேலைக்காரர்களும் நில அளவைக்காரர்களும் காட்டுக்குள் ஓடிச் சேறும் சுரியுமாகக் கொண்டுவந்து விடும் ஜீப்புகள்தான் ஐயாவின் பிழைப்பு. என் கை சின்னக் கை, கியர்பெட்டிக்குப் பின்னால் ஐயாவின் கை போகாத இடத்துக்கெல்லாம் போகும். பத்து வயதில் நட்டுப் பிடிக்கத் தொடங்கினேன். பதினெட்டு வயதில் ஐயா வெளியே போனால் கராஜ் என்னுடையது. உன் அப்பா யாழ்ப்பாணத்து உதிரிப்பாகக் கடை ஒன்றில் விற்பனையாளர். வண்டி ஒன்றில் இருக்கும் எல்லாச் சாமானின் பெயரும் இலக்கமும் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். அதில் ஒன்றையாவது பூட்டத் தெரியாது. எங்கள் கராஜுக்குச் சாமான் கொண்டுவந்து தருவார். ஒரு கட்டத்தில், சாமான் தேய்வதைவிட அடிக்கடி வரத் தொடங்கினார். அந்தக் கதை இன்னொரு நாளைக்கு.

எண்பத்தாறாம் ஆண்டு நாங்கள் இருவரும் ஜெர்மனியின் ரூர் நிலக்கரிப் பக்கத்தில் ஒரு சின்னப் பட்டணத்தின் அகதி விடுதியில் இருந்தோம். எட்டுக் குடும்பத்துக்கு ஒரு குசினி. எங்கள் அறைக்குப் பூட்டு இருந்தது, ஆனால் திறப்பின் இன்னொரு பிரதி விடுதிப் பொறுப்பாளரிடம் இருந்தது, அவர் கதவைத் தட்டிக்கொண்டே திறப்பார். எசன் நகரம் பஸ்ஸில் அரை மணி நேரம், ஆனால் மாவட்ட எல்லையைத் தாண்ட எங்களுக்கு அனுமதிச் சீட்டு வேண்டும். வேலை செய்யக் கூடாது என்ற தடைக்காலம் அப்போதுதான் முடிந்திருந்தது. இனி ஒரு முதலாளி, இவர்தான் எனக்கு வேண்டும் என்று எழுதித் தந்தால் அலுவலகத்தில் வேலை அனுமதிக்கு அன்ட்ராக், அதுதான் விண்ணப்பம், போடலாம். வேலை கிடைத்தால் வீடு எடுத்துக்கொண்டு வெளியே போகலாம். நீ அப்போது என் வயிற்றில் ஐந்து மாதம். உன்னை அந்த அறைக்குக் கொண்டுவர எனக்கு விருப்பமில்லை. எனக்கு ஒரு குசினியும், வேறு யாரிடமும் பிரதி இல்லாத ஒரு திறப்பும் வேண்டும். அவ்வளவுதான் நான் அந்த வருஷம் ஆசைப்பட்டது, அதற்காக எதையும் செய்திருப்பேன்.

தேவாலய மண்டபத்தில் ஜெர்மன் பாஷை படிக்கக் கிழமைக்கு இரண்டு நாள் டொச் வகுப்பு நடந்தது. நடத்திய அம்மாவின் கணவர் ஒரு வாகனத் திருத்தகத்தின் சொந்தக்காரர். எல்லோரும் அவரை மைஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன். ஒருநாள் அந்த அம்மா ஒவ்வொருவரையும் எழுப்பி ஊரில் என்ன தொழில் என்று கேட்டார். எங்களுக்கு முன்னால் இருந்தவர் தன்னை எஞ்சினியர் என்றார். அவர் ஊரில் தண்ணீர்ப் பம்பு பார்த்தவர் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அடுத்தது உன் அப்பா. எழும்பி, நெஞ்சை நிமிர்த்தி, மெக்கானிக் என்றார். நான் அவர் சேட்டுத் தொங்கலைப் பிடித்து இழுத்தேன். அவர் கதிரையில் இருக்கவில்லை. எஞ்சின் சாமான்களின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கிவிட்டார். அறைக்கு வந்து நான் கேட்டபோது, மாமாவின் கராஜ் மருமகனுக்கும் பாதிதானே என்றார். என்னை மெக்கானிக் என்று சொல்ல அவருக்குத் தோன்றவே இல்லை. நியாயமாகச் சொன்னால், எனக்கும் தோன்றவில்லை.

அடுத்த கிழமையே மைஸ்டர் ஆள் அனுப்பினார். அவருடைய பின்கொட்டிலில் ஒரு பழைய இங்கிலாந்து ஜீப் நின்றது. பள்ளிக்கூடத்தில் புவியியல் படிப்பிக்கும் ஒரு பெண்ணுடையது. நாங்கள் அவரை ஹெல்கா ரீச்சர் என்றே பழகிவிட்டோம். அவர் நாலு மாத லீவு எடுத்திருந்தார், அவரும் அவருடைய அக்காவும் அந்த ஜீப்பில் அல்ஜீரியாவுக்குப் போய்ச் சகாராவின் நடுமட்டும் ஓடித் திரும்பப் போகிறார்கள். இத்தாலியில் கப்பலுக்குப் பதிந்தாயிற்று. மைஸ்டரின் ஆட்கள் யாரும் அந்த ஜீப்பைத் தொட விரும்பவில்லை, ஏனென்றால் அதன் நட்டுகள் எல்லாம் அங்குல அளவு. மில்லிமீற்றர் ஸ்பானரைப் போட்டால் வழுக்கி நட்டின் மூலையைத் தின்றுவிடும். மைஸ்டர் நேராகவே பேசினார். பிராக்டிகும் என்ற பெயரில் மூன்று வாரம் பழகிப் பார்க்க அலுவலகத்தில் கேட்டு வாங்கிவிட்டேன், இந்த ஜீப் சொன்ன நாளுக்கு ஒழுங்காக வெளியே போனால் கடிதம் எழுதித் தருவேன் என்றார். அப்பா தலையாட்டினார். நான் அதற்குள் குனிந்து அச்சைப் பார்த்துவிட்டேன். ஐயாவின் கராஜில் நூறு தரம் கழற்றிப் பூட்டிய அதே வண்டி. சிரிப்பை அடக்க முந்தானையால் வாயை மூடினேன், மைஸ்டர் அதை மசக்கை என்று நினைத்து எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

மூன்று வாரமும் நான் சாப்பாட்டுப் பெட்டியோடு போனேன். அவருக்கு டொச் விளங்காது, நான் கூட இருந்து சொல்ல வேண்டும் என்று அப்பா மைஸ்டரிடம் சொல்லிவைத்தார். என் டொச்சும் அந்த இலட்சணம்தான். பின்கொட்டிலில் ஒரு குழி இருந்தது. வண்டியை அதன்மேல் நிறுத்திவிட்டு நான் குழிக்குள் இறங்கி நிற்பேன், நீயும் என்னோடுதான் நின்றாய். அப்பா கொட்டில் வாசலில் ஒரு ரயரின்மேல் இருந்து யாரும் வருகிறார்களா என்று பார்ப்பார். நான் கையை நீட்டினால் கேட்ட ஸ்பானர் வரும். அதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை, கண்ணால் பார்த்தே அரை அங்குலமா, பதினாறில் ஒன்பதா என்று சொல்லிவிடுவார். எந்த இரப்பர் வளையம் எந்தக் கடையில் கிடைக்கும், அதற்கு மாற்றாக எது பொருந்தும் என்று பட்டியல்களைப் புரட்டிக் கண்டுபிடித்ததும் அவர்தான். பின்னேரம் விடுதிக்குப் புறப்படும்போது ஞாபகமாகக் கழிவு எண்ணெயில் இரண்டு விரலைத் தொட்டுக் கன்னத்தில் ஒரு கோடு இழுத்துக்கொள்வார். நான் கைகளை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு பின்னால் நடப்பேன்.

நீ கேட்ட மற்ற விஷயங்களையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். தண்ணீர்க் குழாய்கள் பார்க்க நன்றாக இருந்தாலும் எல்லாவற்றையும் மாற்று, கழற்றிய பழையவற்றை எறியாமல் பெட்டியில் போட்டுக் கொண்டுபோ. விசிறிப் பட்டி இரண்டு வேண்டும். ஒவ்வொரு தரம் நிறுத்தும்போதும் நாலு சில்லின் நடுவிலும் புறங்கையை வைத்துப் பார். ஒன்று மட்டும் மற்றவற்றைவிடச் சுட்டால் மேலே போகாதே. பாரத்தைக் கீழே வை. இதில் உன் அப்பாவின் சொல்லைக் கேட்காதே. ஹெல்கா ரீச்சர் சாமான் ஏற்றிய நாளில், வண்டிக்குள் இடம் வீணாகக் கூடாது என்று தண்ணீர்க் கலன் எல்லாவற்றையும் அப்பா கூரையில் ஏற்றி, வவுனியா பஸ்ஸுக்குக் கட்டுவது போல் கயிறு போட்டுக் கட்டினார். பக்கத்தில் இருந்த நிலக்கரிச் சுரங்கத்தின் கழிவு மலைக்கு ஓட்டிப் பார்க்கக் கொண்டுபோனோம். ரீச்சர் ஓட்டினார், நான் பக்கத்தில். சரிவில் திரும்பியபோது ஒரு பக்கத்துச் சில்லு இரண்டும் நிலத்தை விட்டுவிட்டன. ரீச்சர் கத்தவில்லை, நான்தான் ஊரிலிருந்த எல்லாப் பிள்ளையாரையும் கூப்பிட்டேன். அன்று பின்னேரமே கூரை காலி.

இரண்டாவது வாரம் முடிய எல்லா வேலையும் முடிந்துவிட்டது. எனக்குத் தலைகால் தெரியவில்லை. கடைசி வேலையாக, ஐயாவின் கராஜில் ஒவ்வொரு ஜீப்புக்கும் செய்வதை இதற்கும் செய்தேன். முன்சில்லுகளின் உருண்டை மூட்டு, வில்லுத் தகடு, அச்சுத் தண்டு நழுவும் இடம் எல்லாவற்றுக்கும் வெளியே கைநிறையக் கிறீஸ் அள்ளி அப்பினேன். வன்னியில் மாரிகாலத்தில் குளக்கட்டைக் கடக்கிற வண்டிக்கு அதுதான் குடை. தண்ணீரும் சேறும் உள்ளே போகாது. மைஸ்டர் வந்து பார்த்து, இவ்வளவு கவனமாக யாரும் செய்து நான் பார்த்ததில்லை என்று அப்பாவின் தோளில் தட்டினார். நாள் நெருங்க நெருங்க வீட்டு விளம்பரங்களை வெட்டித் தலையணைக்குக் கீழே வைக்கத் தொடங்கினேன்.

சனிக்கிழமை விடிய அவர்கள் புறப்பட வேண்டும். வியாழக்கிழமை பின்னேரம் ஹெல்கா ரீச்சர் எங்களுக்குக் காட்டவென்று ஒரு பிலிம் டப்பாவைக் கொண்டுவந்தார். பல வருஷத்துக்கு முன்னர் போன முதல் பயணத்தில் எடுத்து வைத்த சகாரா மண். அந்தப் பயணத்தில் அவருடைய வண்டி நடுவழியில் நின்று, இரண்டு நாள் கழித்து ஒரு லொறிக்காரர் வந்து காப்பாற்றியிருக்கிறார். நான் மணல் என்றால் எங்கள் கடற்கரை மணலைத்தான் நினைத்திருந்தேன். டப்பாவைத் திறந்தால் உள்ளே மா. அரித்தெடுத்த அரிசி மா போல அவ்வளவு நைசு. ஒரு சிட்டிகை எடுத்து விரலுக்குள் தேய்த்தேன். என் விரலில் எப்போதும் போலக் கிறீஸ் இருந்தது. மண் அதில் ஒட்டிக்கொண்டது. தேய்க்கத் தேய்க்க விரல் நறநறத்தது. நான் அள்ளி அப்பிய கிறீஸ் முழுக்க இந்த மாவைப் பிடித்து வைத்திருக்கும். சில்லு திரும்பும் ஒவ்வொரு தரமும் அது உருண்டையை அராவும், எண்ணெய் காக்கும் வளையத்தைக் கிழிக்கும், உள்ளே இருக்கும் எண்ணெய் ஒழுகிப் போகும். மூட்டுக்கு உள்ளே எண்ணெய் வேண்டும், மகன், வெளியே காய்ந்திருக்க வேண்டும். நான் ஒரு வண்டியை மழைக்கு ஆயத்தம் செய்து பாலைவனத்துக்கு அனுப்ப இருந்தேன். அங்கே எப்படி இருக்கும் என்று ரீச்சரிடம் ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். எல்லாம் தெரியும் என்ற தடிப்பில் நான் கேட்கவில்லை.

ரீச்சர் முன்பக்கம் போனதும் அப்பாவிடம் சொன்னேன். அவர் முதலில் நம்பவில்லை, பிறகு வாயை மூடிக்கொண்டு இருக்கச் சொன்னார். இதைச் சொன்னால் வெள்ளிக்கிழமை முழுக்கக் கழற்றித் துடைக்க வேண்டும், மைஸ்டர் பக்கத்தில் நின்று பார்ப்பார், பார்த்தால் யார் மெக்கானிக் என்று தெரிந்துவிடும், கடிதம் போய்விடும். அவர் கணக்கு முழுக்கச் சரி. நான் ஒன்றுதான் கேட்டேன்.

"அந்த ரெண்டு பொம்பிளையளும் நடுவழியில நிண்டா, நீங்கள் இந்த நாட்டில நித்திரை கொள்ளுவியளோ?"

அவர் ரயரின்மேல் போய் இருந்தார். பிழை தன்னுடையது என்று சொல்லிப் பார்க்கவா என்று கேட்டார். சொன்னால் அதைக் கழற்றுவது யார் என்று நான் கேட்டேன். அதற்குப் பிறகு அவர் எழும்பி, சேட்டைக் காற்சட்டைக்குள் சரிசெய்துகொண்டு, திருத்தகத்தின் முன்மண்டபத்துக்கு நடந்தார். நான் பின்னால் ஓடினேன். மைஸ்டரும் ஹெல்கா ரீச்சரும் இரண்டு தொழிலாளர்களும் நின்ற இடத்தில், உன் அப்பா தன் டொச்சில், சத்தமாகச் சொன்னார்.

"நான் மெக்கானிக் இல்லை. என் மனைவிதான் மெக்கானிக். ஜீப்பில் ஒரு பிழை இருக்கிறது. அவளுக்குத் தெரியும்."

மைஸ்டரின் முகம் பீற்றூட் நிறத்துக்கு வந்தது. மூன்று வாரமாக என்னை ஏமாற்றியிருக்கிறீர்கள், உங்களுக்காக நான் அலுவலகத்தில் போய் என் பெயரைச் சொல்லிக் கேட்டேன் என்று சத்தம் போட்டார். கடிதம் கிடையாது என்றார். அப்பா தலையைக் குனிந்து நின்றார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, ஆனால் அழவில்லை, ஏனென்றால் ஹெல்கா ரீச்சர் மைஸ்டரை விட்டுவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். சனிக்கிழமைக்குள் சரிசெய்யலாமா என்று என்னைத்தான் கேட்டார். ஓம் என்று தமிழில் சொல்லிவிட்டுப் பிறகு டொச்சில் சொன்னேன். மைஸ்டர் கொஞ்சம் யோசித்து, செய்யட்டும், ஆனால் இங்கே, முன்மண்டபத்தில், என் கண்ணுக்கு முன்னால் என்றார்.

வெள்ளிக்கிழமை காலை முந்தானையை இடுப்பில் இறுகச் செருகிக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் வேலையைத் தொடங்கினேன். என் வாழ்க்கையில் அதைப்போல ஒரு நாள் பிறகு வரவில்லை. சில்லுகளைக் கழற்றி, டீசலால் கழுவி, துணியால் துடைத்து, காற்றடித்துக் காய வைத்தேன். உருண்டை மூட்டுகளை மூட ஏதாவது தோல் இருந்தால் நல்லது என்றேன். தேவாலயத்தில் உடுப்புக் கொடுத்தபோது உன் அப்பாவுக்கு ஒரு தோல் மேற்சட்டை கிடைத்திருந்தது. அதைப் போட்டுக்கொண்டுதான் படம் எடுத்து ஊருக்கு அனுப்பியிருந்தார். அவர் அதைக் கழற்றி, இரண்டு கையையும் தோளோடு வெட்டி என்னிடம் நீட்டினார். மூட்டுக்கு அளவெடுத்துத் தைத்தது மாதிரி இருந்தது. பின்னேரம் மைஸ்டர் பக்கத்தில் வந்து குந்தி, ஒரு நட்டை இறுக்கக் கை வைத்தார். அதற்கு முன்னர் எதிர்ப்பக்கத்து நட்டை இறுக்க வேண்டும். நான் யோசிக்காமல் அவர் புறங்கையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டேன். தொழிலாளர்கள் இரண்டு பேரும் கைவேலையை விட்டுவிட்டுத் திரும்பினார்கள். மைஸ்டர் என்னைப் பார்த்தார், எதிர்ப்பக்கத்து நட்டைப் பார்த்தார், கையை எடுத்துக்கொண்டார். வேலை முடிந்து நான் கைகழுவப் போனபோது, அந்தத் திருத்தகத்தில் அவரைத் தவிர வேறு யாரும் தொடாத ஒரு தொட்டி இருந்தது, அதைத் திறந்துவிட்டுத் தள்ளி நின்றார்.

சனிக்கிழமை விடிய ஜீப் போனது. சகாராவுக்குப் போகிற வண்டியை நாங்கள் பஸ் தரிப்பிடம் மட்டும் நடந்துபோய் வழியனுப்பினோம். கடிதத்தைப் பற்றி யாரும் பேசவில்லை, விளம்பரத் துண்டுகளைத் தலையணைக்குக் கீழிருந்து எடுத்துக் குப்பையில் போட்டேன். செவ்வாய்க்கிழமை டொச் வகுப்புக்கு மைஸ்டர் தானே வந்தார். எல்லோருக்கும் முன்னால் என் மேசையில் ஒரு உறையை வைத்தார். கடிதம் என் பெயரில் இருந்தது. அங்குல அளவு வண்டிகளைத் திருத்தத் தெரிந்த வேறு ஒருவரை இந்த மாவட்டத்தில் தேடிக் கிடைக்கவில்லை என்று எழுதியிருந்தார். பிள்ளை பிறக்கும்வரை குழிக்குள் இறங்கக் கூடாது, மேசையில் வைத்துச் செய்யும் வேலை மட்டும் என்று அடியில் ஒரு வரி. அந்த வரியை அப்பா இரண்டு தரம் வாசிக்கச் சொன்னார். பிறகு வகுப்பு முழுக்கக் கேட்க, தன் மனைவிக்கு வேலை கிடைத்துவிட்டது என்று டொச்சில் சொன்னார். உன்னை நாங்கள் ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுபோனது ஒரு பாண் கடைக்கு மேலே இருந்த இரண்டறை வீட்டுக்கு. திறப்பு இரண்டும் எங்களிடமே இருந்தன.

நீ பிறந்து பதினேழாம் நாள் தெருவில் ஹோர்ன் சத்தம் கேட்டது. யன்னலால் எட்டிப் பார்த்தால் அந்த ஜீப், எது சில்லு எது கதவு என்று தெரியாத மண்நிறத்தில். துடக்குக் கழிய முப்பத்தொரு நாள் நான் வாசல்படி தாண்டக் கூடாது. தாண்டினேன். உன்னை அப்பாவிடம் கொடுத்துவிட்டு, உன் துடைக்கும் துணி ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கி ஓடினேன். ஹெல்கா ரீச்சர் கட்டிப்பிடிக்க வந்தார், நான் அவரை விலக்கிக்கொண்டு முன்சில்லுக்குப் பக்கத்தில் முழங்காலில் இருந்தேன். தோலுறையை விலக்கி உருண்டையைத் துணியால் துடைத்தேன். தூசிதான் வந்தது. எண்ணெய் ஒரு பொட்டும் இல்லை. மற்றப் பக்கமும் அப்படியே. போய், நடுமட்டும் ஓடி, திரும்பி, என் வாசலில் வந்து நின்றிருக்கிறது, ஒரு மூட்டும் கசியவில்லை. நான் அந்தத் தெருவில் முழங்காலில் இருந்தபடி சத்தம் போட்டுச் சிரித்தேன். பாண் கடைக்காரர் வெளியே வந்து பார்த்தார். உன் அப்பா உன்னைத் தூக்கி வைத்துக்கொண்டு, என் மனைவி செய்த வண்டி என்று அவருக்கு விளக்கிக்கொண்டிருந்தார்.

இனி என் பிழை. சில வருஷம் கழித்து எசனுக்கு வந்தோம். சுற்றிவர எங்கள் சனம். முதல் கொண்டாட்டத்தில் ஒரு அண்ணை, நீங்கள் முந்தி என்ன வேலை செய்தனீங்கள் என்று அப்பாவைக் கேட்டார். பக்கத்தில் இருந்த அக்கா ஒருவர், கராஜ் வேலை என்று காதில் விழுந்ததும், நல்ல தொழில் தெரிஞ்ச மாப்பிள்ளை என்று என்னைப் பார்த்துச் சொன்னார். அப்பா என்னைப் பார்த்தார். நான் சொல்லியிருக்கலாம். பொம்பிளை கராஜிலேயோ என்று நாலு பேர் வாயில் விழ எனக்கு மனமில்லை, அவர் தலைகுனியவும் மனமில்லை. சிரித்துக்கொண்டு தேத்தண்ணி எடுக்கப் போனேன். அன்றிலிருந்து கதை அவருடையதாகிவிட்டது. சொல்லிச் சொல்லி, மைஸ்டர் தோளில் தட்டிய கிறீஸ் மட்டும் அவர் ஞாபகத்தில் நின்றது, அதைத் துடைத்த வெள்ளிக்கிழமை கழன்றுபோனது. உன் தங்கை பிறந்த பிறகு கராஜை விட்டுப் பள்ளிக்கூடக் குசினிக்கு வேலைக்குப் போனேன், அதோடு கேட்கவும் ஆள் இல்லை. அப்பாவைக் குறை சொல்லாதே. திருடியது அவர் என்றால் கதவைத் திறந்துவிட்டது நான். ஆனால் சொல்லாமல் விட்ட ஒரு உண்மை எத்தனை வருஷம் கழித்தும் எங்கேயோ ஒருவர் வண்டியில் போய் ஒட்டிக்கொள்ளும் என்று நான் நினைக்கவில்லை. அது என் மகனுடைய வண்டி என்று கனவிலும் நினைக்கவில்லை.

ஆகவே கேள். பாதை தெரிந்தவர்களிடம் கேள், தெரிந்ததையும் கேள். வண்டி நின்றால் வண்டியை விட்டு நடக்காதே. மருமகளையும் ஓட்டவிடு, சில்லுக் கழற்றவும் அவள் பழகட்டும், பிறகு வந்து கதை சொல்லும்போது அவள் செய்ததை அவள் பெயரில் சொல். நான் உன்னைப் போகவேண்டாம் என்று சொல்லப் போகிறேன் என்று பயந்திருப்பாய். போ. அடுத்த பட்டணத்துக்கு அனுமதிச் சீட்டு வாங்கிய ஒருத்தியின் மகன் ஒரு கண்டத்தைக் குறுக்கே ஓடப் போகிறான் என்று நினைத்தால் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வயது போகாவிட்டால் நானும் பின்சீற்றில் ஏறியிருப்பேன்.

இதை அனுப்ப முதல் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவருக்குத் தெரியாமல் அனுப்ப எனக்கு ஏலாது. கன்னத்தில் எண்ணெய்க் கோடு இழுத்த இடத்தில் ஒரு தரம் சிரித்தார். முடித்ததும் கடிதத்தை வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, எசனுக்கு வந்த பகுதியைத் தானே இன்னொரு தரம் வாசித்தார். உனக்கு அனுப்பினால் மட்டும் போதாது, எங்கள் தமிழ்ச் சங்கத்து ஆண்டு மலருக்கும் கொடுக்க வேண்டும் என்றார். எல்லோரும் வாசிப்பார்களே, தெரிந்துதான் சொல்கிறீர்களா என்று கேட்டேன்.

"தெரிஞ்சுதான் சொல்லுறன். டொச்சில அண்டைக்கே சொல்லிப்போட்டன். தமிழில சொல்லத்தான் எனக்கு இவ்வளவு காலம் எடுத்திருக்கு."

— அம்மா